நாலு நாள் ஓடுற பஸ்

"வேளாங்கண்ணிக்கு எந்த வருஷம்மா போனாங்க? எம்பத்து மூணா, எம்பத்து நாலா?"

உபதேசியார் இஞ்ஞாசிமுத்து பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். கோப்பித் தட்டுடன் அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்த கேதரின் நடுவழியில் நின்றுவிட்டாள். தட்டில் இருந்த ஐந்து கிளாஸும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"எம்பத்து நாலு," என்றாள். வருஷம் சரிதான். ஊர்தான் பொய்.

கூடத்தின் நடுவில் அவளுடைய அக்கா பிரிஜெட் வெள்ளைச் சேலையில் படுத்திருந்தாள். விரல்களில் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. இன்று காலைதான் உடம்பு சுங்கைப் பட்டாணி பாக்கார் ஆராங் பகுதியிலிருந்த வீட்டுக்கு வந்திருந்தது. மூன்று மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை. பூசை முடிவில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது அந்தப் பங்கின் வழக்கம். முப்பது வருஷமாக அதை எழுதுபவரும் வாசிப்பவரும் இஞ்ஞாசிமுத்துதான். அவர் எழுதினால் பெருங்குடிகாரன்கூடக் கொஞ்சம் புனிதனாகித்தான் குழிக்குள் போவான்.

"கேளும்மா." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "'அன்னாரின் வாழ்வில் மணிமகுடமாகத் திகழ்வது வேளாங்கண்ணித் திருயாத்திரை. தன்னந்தனியே கடல் கடந்து, அன்னையின் பாதத்தில் நாலரை மாதம் தவம் கிடந்து, பங்கு மக்கள் அனைவருக்கும் திருஎண்ணெய் கொண்டுவந்து சேர்த்த...' எப்படி இருக்கு?"

கேதரின் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அரைப் பக்கம் அதுக்கே ஒதுக்கிட்டேன்லா. வேற என்னம்மா இருக்கு அவங்க வாழ்க்கையில? பஸ்ல டிக்கெட் கிழிச்சாங்க. கல்யாணமில்ல, காட்சியில்ல. பாவம்."

பாவமாம்! கேதரினுக்கு வந்த கோபத்தில் கோப்பித் தட்டை மேசைமேல் டப்பென்று வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பிரிஜெட் வேளாங்கண்ணியைக் கண்ணால் பார்த்ததில்லை. எம்பத்து நாலில் அவள் போனது ஆப்பிரிக்காவுக்கு. சும்மா போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரவில்லை. மொம்பாசாவில் தொடங்கி லிவிங்ஸ்டன் வரைக்கும், ஊர் ஜனங்கள் ஏறுகிற பஸ்ஸிலும் ரயிலிலும் லாரியிலும், சோள மூட்டைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து, ஐம்பத்தாறாவது வயதில், தனியாகப் போனாள். சுங்கைப் பட்டாணியில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி கூடத்தில் படுத்திருக்கிறாள். இன்னொருவர் கேதரினின் கணவர் டெஸ்மண்ட். மூன்றாவது கேதரின். வேளாங்கண்ணிப் பொய்யைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவளே அவள்தான்.

அக்காளும் தங்கையும் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பிரிஜெட் பன்னிரண்டு வயதில் கித்தாக் காட்டில் பால்வாளி தூக்கினாள். நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா வருஷம், பஸ் கம்பெனியில் பெண் கண்டக்டர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல் போய் வரிசையில் நின்றாள். சுங்கைப் பட்டாணி, பீடோங், செமிலிங், மெர்போக். அப்புறம் மெர்போக், செமிலிங், பீடோங், சுங்கைப் பட்டாணி. இருபத்தாறு வருஷம் இதே பாதை. காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, தோளில் தோல் பை, காதில் பென்சில். பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் எடு. "எல்லாரையும் அவங்கவங்க எடத்துல எறக்கி விட்டுட்டு, நான் மட்டும் திரும்பி வந்துகிட்டே இருக்கேன்டி கேத்தி," என்று சிரிப்பாள்.

அறுபத்தெட்டில் செமிலிங் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளைக்கார வாத்தியார் வந்திருந்தான். அதற்கு முன்பு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவன். தினமும் அவளுடைய பஸ்ஸில்தான் ஏறுவான். ஒருநாள் அரைகுறை மலாயில் சொல்லியிருக்கிறான், அங்கே நாலு நாள் ஓடுகிற பஸ் உண்டு என்று. வேறு யாராக இருந்தாலும் 'அப்படியா' என்று கேட்டு மறந்திருப்பார்கள். பிரிஜெட்டுக்கு அது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு நாள் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் எங்கே தூங்குவான்? யார் டிக்கெட் கொடுப்பார்கள்? டிரைவர் மாறுவானா? வாத்தியாரிடம் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. பயணிக்கு எப்படித் தெரியும்?

பதினாறு வருஷம் அந்தக் கேள்வியை வைத்திருந்தாள். எம்பத்து மூணில் கம்பெனியில் கண்டக்டர் இல்லாத பஸ் வந்தது. டிரைவரே காசை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறு வாரமே அவள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள்.

"எங்கக்கா போற?"

"அந்தக் கண்டக்டரப் பாக்க."

கேதரின் அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். மெட்ராஸ் போய் அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகப் பினாங்கில் கப்பல் சீட்டு வாங்கியாயிற்று என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றுபோனது. கேதரினின் மூத்த மகளுக்குச் செர்டாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போன நேரம் அது. பெண்ணின் பெரியம்மா, கல்யாணம் ஆகாதவள், கால்சட்டை மாட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் பஸ் ஏறப் போயிருக்கிறாள் என்றால் எந்தச் சம்பந்தி வீட்டில் ஒப்புவார்கள்? கப்பல் மெட்ராஸுக்குத்தானே போகிறது, அங்கிருந்து வேளாங்கண்ணி எவ்வளவு தூரம் என்று கேதரினுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலு பேரிடம் சொன்னாள். அடுத்த ஞாயிறு மொத்தப் பங்கும் சொன்னது.

பொய் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாத்திரை போனவள் திரும்பும்போது எண்ணெய் கொண்டு வருவாளே! பிரிஜெட் வருகிற நாளைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அன்று காலை வாசல் கம்பிக் கதவிலிருந்து மூலைக் கடைவரை ஆட்கள். கேதரின் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் கற்பூரத்தைப் போட்டு முப்பது தைல பாட்டில்களில் ஊற்றி வைத்திருந்தாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட அந்த எண்ணெயை அவள் இன்றுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

டாக்ஸியிலிருந்து கறுத்து மெலிந்து இறங்கிய பிரிஜெட் வரிசையைப் பார்த்தாள். பாட்டில்களைப் பார்த்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பஸ் கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவனை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவள் அவள். பையைக் கீழே வைத்துவிட்டு, "தள்ளாதீங்க, வரிசையா வாங்கலா, எல்லாருக்கும் இருக்கு," என்றாள். அவ்வளவுதான். பிறகு யாராவது "வேளாங்கண்ணி எப்படிக்கா?" என்று கேட்டால், "போற வழியெல்லாம் நல்ல மனுஷங்க," என்பாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

உண்மையெல்லாம் ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவும்போது வரும். பிரிஜெட் கழுவுவாள், கேதரின் துடைப்பாள். முதல் மாதம் கேதரின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு, மகள் கல்யாணமாகிப் போன வெறுமையில், தட்டு கழுவும் நேரத்துக்காகவே சாயங்காலம் முழுக்கக் காத்திருந்தாள். நைரோபிக்கும் அருஷாவுக்கும் நடுவில், வருஷக்கணக்கில் மூடிக் கிடந்து அப்போதுதான் திறந்த எல்லைக் கதவைத் தாண்டிய கதையைச் சொன்னாள். அங்கே நலம் விசாரிக்க 'ஹபாரி' என்பார்களாம். "நம்ம மலாய்க்காரங்க காபார்னு கேக்குறதுதான்டி. உலகம் சின்னதுலா." காக்கியைப் போட்டுக்கொண்டு போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஏதோ அதிகாரி என்று நினைத்துப் போலீஸ்காரன் சலாம் வைத்தானாம்.

அருஷாவிலிருந்து முவான்சாவுக்கு ஒன்றரை நாள் பயணம் என்று சொல்லி ஏற்றினார்களாம். மழை பிடித்துக்கொண்டது. பாதை சேறாகி, ஒரு பாலம் முங்கி, ஒன்றரை நாள் நாலு நாளானது.

"கேத்தி, நான் தேடிப் போன பஸ்ஸு அதுதான்டி. தானா வந்துச்சு."

"கண்டக்டர் எங்கக்கா தூங்குனான்?"

"கூரை மேல. மூட்டைங்களுக்கு நடுவுல, கயித்தால தன்னையே கட்டிகிட்டு. மழை வந்தா உள்ள வந்து எங்க கால்மாட்டுல நீட்டிப் படுத்துக்குவான்."

மூன்றாம் நாள் அந்தக் கண்டக்டருக்கு மலேரியாக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாற்பது பேர் சேற்றில் நின்றார்கள். பிரிஜெட் அந்த ஆளின் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டினாள். எல்லாரையும் கையைக் காட்டி ஏறச் சொன்னாள். கதவோரம் நின்று தகரத்தில் இரண்டு தட்டு தட்டினாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

"பாஷை தெரியாது, ஊர் பேர் தெரியாது. ரெண்டு தட்டு தெரிஞ்சுச்சுடி அந்த மனுஷனுக்கு! அங்கேயும் அதேதான். ஒண்ணுன்னா நில்லு, ரெண்டுன்னா போ."

முவான்சா போய்ச் சேரும்வரை அவள்தான் கண்டக்டர். விரலைக் காட்டிக் காசு வாங்கினாள், விரலைக் காட்டிச் சில்லறை கொடுத்தாள். இறங்கியவர்கள் ஒவ்வொருவரும் அவளிடம் கை கொடுத்துவிட்டு இறங்கினார்களாம். அதைச் சொல்லும்போது ஈரக் கையை அப்படியே நீட்டிக் காட்டினாள். "மெர்போக் பஸ்ல இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர் எனக்குக் கை குடுத்ததில்லடி."

கேதரினுக்கு அன்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. இப்படிப்பட்டவள் தன்னுடைய அக்கா என்று தெருவில் போய்க் கத்த வேண்டும்போல இருந்தது. கத்த முடியாது. அந்த எண்ணெய்ப் பொய் வாசலை மறித்து நின்றது.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பாள். முந்தாநாள் ஆஸ்பத்திரியில் பிரிஜெட் மூச்சு வாங்க வாங்கப் பேசியதுதான் விடவில்லை.

"கேத்தி... உபதேசியார் எழுதுவாருல்ல."

"பேசாதக்கா."

"போகாத ஊருக்கு என்ன அனுப்பி வெச்ச. பரவால்ல, புள்ளைக்காக செஞ்ச. போன ஊருலேருந்து என்ன எறக்கி விட்டுறாத."

கேதரின் சரி என்று சொல்லவில்லை. நர்ஸ் வந்துவிட்டாள். பிறகு சொல்வதற்கு நேரம் கிடைக்கவில்லை.

"குழந்தைவேலு அண்ணன் வந்துட்டாரு," என்று டெஸ்மண்ட் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் பங்குப் பேரவைத் தலைவர் என்ற அடையாளப் பட்டை குத்தியிருந்தது. "சம்பந்தி வீட்ல செர்டாங்லேருந்து பன்னண்டு மணிக்கெல்லாம் வந்துருவாங்க. முகத்தக் கழுவு."

"என்னங்க, அக்கா போனது ஆப்பிரிக்கான்னு சொல்லிரட்டா?"

அவர் கதவைச் சாத்தினார். "உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? சம்பந்தியம்மா அந்தப் பாட்டில மாதா படத்துக்கு முன்னால வெச்சிருக்காங்க. உம்மக அந்த வீட்டுலதான் வாழுறா. நான் கோயில்ல தலை நிமிந்து நடக்க வேணாமா? போனவங்க போய்ட்டாங்க. அவங்களுக்கு எந்த ஊரா இருந்தா என்னா?"

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அதுதான் கேதரினுக்குத் தாங்க முடியவில்லை.

குழந்தைவேலு மெர்போக் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது பங்கின் சவ வேனை ஓட்டுகிறார். பிரிஜெட்டின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். கேதரின் கொடுத்த கோப்பியை வாங்கிக்கொண்டு, குடிக்காமல், "கண்டக்டரம்மா போனப்புறம் ஒரு வருஷம் எனக்கு வண்டிய எடுக்கவே வரலம்மா," என்றார். "எல்லாரும் ஏறி உக்காந்துருப்பாங்க. நான் பேக்கு மாதிரி காத்துகிட்டு இருப்பேன், ரெண்டு தட்டு விழும்னு. பின்னாலேருந்து ஜாலான்லா, வண்டிய எடுலான்னு கத்துவாங்க. அப்புறம்தான் ஞாபகம் வரும், ஆள் இல்லன்னு."

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வந்தாள். திருநீறு பூசிய நெற்றி, தலைக்குக் குளித்த ஈரம். சேலை முந்தானையில் எதையோ பொத்திப் பிடித்திருந்தாள். பிரிஜெட்டின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து முந்தானையை அவிழ்த்தாள். தைல பாட்டில். அடியில் விரல்கடை அளவு எண்ணெய், பழுத்து மஞ்சளாகியிருந்தது.

"எம் பேத்திக்கு வலிப்பு நின்னதுக்கு அப்புறம் இத எடுத்துப் பத்திரமா வெச்சுட்டேன் கேத்ரின். கடேசிச் சொட்டு அக்காவுக்குத்தான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்." மூடியைத் திருகினாள். கற்பூர வாசனை கூடத்தில் பரவியது.

கேதரின் அவளுடைய கையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"புஷ்பாக்கா, அது வேளாங்கண்ணி எண்ணெய் இல்ல."

"என்னா?"

"கடைத் தேங்கா எண்ணெய். நாந்தான் ஊத்துனேன். அக்கா வேளாங்கண்ணிக்கே போகல."

கூடத்தில் நாலைந்து பெண்கள்தான் இருந்தார்கள். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த முணுமுணுப்பு நின்றது. புஷ்பவள்ளி பாட்டிலைப் பார்த்தாள். பிரிஜெட்டைப் பார்த்தாள்.

"அப்ப நாலரை மாசம் எங்கதான் போனாங்க?"

"ஆப்பிரிக்கா."

"அங்க எதுக்கு?"

"பஸ்ஸு ஏற."

சொன்னதும் கேதரினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அழுகை பிடித்துக்கொண்டது. நேற்றிலிருந்து வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. புஷ்பவள்ளி அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெயக் குடுத்த அன்னிக்கே அக்கா என்னக் கூப்ட்டுச் சொன்னாங்க," என்றாள் மெதுவாக. "புஷ்பா, இதத் தேய்க்கிறதுன்னா தேய். ஆனா அலோர் ஸ்டார் பெரியாஸ்பத்திரில வலிப்புக்கு மாத்திரை குடுக்குறாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்னு. மாசா மாசம் பஸ்ல கூட்டிட்டுப் போனது அவங்கதான். ரெண்டு வருஷம். நான் மாதாதான் செஞ்சாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிகிட்டுத் திரிஞ்சேன்." அவள் விரலில் எண்ணெயைத் தொட்டு பிரிஜெட்டின் நெற்றியில் தேய்த்தாள். "எந்த எண்ணெயா இருந்தா என்னா. இவங்க கையால குடுத்தது."

கேதரின் எழுந்து அக்காவின் அலமாரியைத் திறந்தாள். காக்கிச் சட்டை கீழ்த்தட்டில் மடித்தபடி இருந்தது. இடது தோளில் பைவார் தேய்த்துத் தேய்த்து நூல் வெளுத்திருந்தது. புஷ்பவள்ளி பிரிஜெட்டின் தலையைத் தூக்கிப் பிடிக்க, கேதரின் தலையணையை எடுத்துவிட்டு அந்தச் சட்டையை வைத்தாள்.

அடுத்தது, முன்னறையில் எழுதிக்கொண்டிருந்த உபதேசியார். அவரிடம் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவை மூடவே இல்லை. கடைசியில் தன் வலது முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"அஞ்சு வருஷம் நான் முட்டியில தேய்ச்சது தேங்கா எண்ணெயா?"

"மன்னிச்சுக்குங்க உபதேசியாரே."

"வலி கொறைஞ்சுச்சேம்மா!" என்றார் கோபமாக. தான் எழுதிய தாளைப் பார்த்தார். மணிமகுடம், தவம், திருஎண்ணெய், எல்லாம் அவருடைய நல்ல கையெழுத்தில் இருந்தன. "முப்பது வருஷம் எழுதுறேன். இருந்தத எழுதணும்னு யாரும் வந்து கேட்டதில்ல. கூட்டித்தான் எழுதச் சொல்லுவாங்க." அரைப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "சொல்லு, எந்தெந்த ஊரு?"

டெஸ்மண்ட் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. சட்டையில் குத்தியிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூன்று மணிப் பூசைக்குக் கோயில் நிறைந்துவிட்டது. பழைய பஸ் பயணிகள், மலாய்க்கார டிரைவர்கள் இரண்டு பேர், மார்க்கெட் சீனத்தி ஒருத்தி என்று யார் யாரோ பின்வரிசையில் நின்றார்கள். முன்வரிசையில் செர்டாங் சம்பந்தியம்மா, பக்கத்தில் மகள். பூசை முடிந்ததும் லியோனார்ட் ஃபாதர் தலையசைத்தார். இஞ்ஞாசிமுத்து ஒலிபெருக்கி முன் போய் நின்றார்.

பிறந்தது, தோட்டம், பால்வாளி, பஸ் எல்லாம் வாசித்தார். "ஆயிரத்துத் தொளாயிரத்து எம்பத்து நான்காம் ஆண்டு," என்று நிறுத்தினார். அடுத்து வேளாங்கண்ணி வரும் என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் தாளை மடித்தார். "இதுக்கு மேல வாசிக்க எனக்குத் தகுதியில்ல. அவங்க தங்கச்சி சொல்லுவாங்க."

கேதரின் இதை எதிர்பார்க்கவில்லை. எழுந்தபோது பக்கத்தில் இருந்த டெஸ்மண்ட் அவளுடைய முழங்கையைப் பிடித்தார். அவள் அவரைப் பார்த்தாள். பிடி தளர்ந்தது. அவர் காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டார்.

ஒலிபெருக்கி முன் போய் நின்றாள். கையில் தாள் இல்லை. "எங்கக்கா வேளாங்கண்ணிக்குப் போகல," என்றாள். கூட்டம் சலசலத்தது. "அந்த எண்ணெய் நான் ஊத்துனது. பொய் சொன்னது நான். அவங்க இல்ல. எங்கக்கா ஆப்பிரிக்காவுக்குப் போனாங்க. தனியா. பஸ்ல."

அடுப்படித் தொட்டியும், சவுக்கார நுரையும், அதற்குள் அக்காவின் கையும் கண்ணுக்கு வந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஊராக பிரிஜெட் சொல்லிக்கொண்டே கழுவுவாள், நிறுத்தத்தில் நின்று ஆள் கூப்பிடுகிற அதே ராகத்தில். கேதரின் மனப்பாடம் செய்ததில்லை. வாயைத் திறந்ததும் வந்தது.

"மொம்பாசா, நைரோபி, அருஷா, முவான்சா. தபோரா, தொதோமா, தாருஸ்ஸலாம். ம்பேயா, கப்பிரிம்போஷி, லுசாக்கா, லிவிங்ஸ்டன்."

பின்வரிசையில் யாரோ ஒரு கிழவர் சத்தமாக மூக்கைச் சிந்தினார். கேதரின் சேற்றில் நின்ற பஸ்ஸைச் சொன்னாள். காய்ச்சல்காரக் கண்டக்டரைச் சொன்னாள். இறங்கியவர்கள் கை கொடுத்ததைச் சொன்னாள். புஷ்பவள்ளியின் பேத்தியையும் அலோர் ஸ்டார் பஸ்ஸையும் சொன்னாள். எவ்வளவு நேரம் பேசினாள் என்று தெரியவில்லை. ஃபாதர் ஒருமுறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது மழை இருட்டியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சம்பந்தியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கேதரினிடம் வந்தாள். கேதரின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வருவது வரட்டும் என்றிருந்தது.

சம்பந்தியம்மா அவளுடைய காதோரம் குனிந்தாள். "ஏன் சம்பந்தி, சிங்கம் பாத்தாங்களா?"

"இல்ல சம்பந்தியம்மா. பஸ்ஸத்தான் பாத்தாங்க."

"ஆமா," என்று அந்த அம்மாள் தலையாட்டினாள். "சிங்கத்த யாரு வேணாலும் பாக்கலாம்." சொல்லிவிட்டுக் கேதரினின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

வேனுக்குள் பெட்டி ஏறியது. மாலைகள் ஏறின. பின்கதவைச் சாத்தினார்கள். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பின்னால் வரிசை கட்டின. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வேன் நகரவில்லை.

"என்னா, குழந்தைவேலு அண்ணன் எடுக்க மாட்றாரு?" என்றார் டெஸ்மண்ட். யாரோ ஹாரன் அடித்தார்கள். முன்கண்ணாடியில் குழந்தைவேலுவின் கண்கள் தெரிந்தன. அவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

கேதரின் சம்பந்தியம்மாவின் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு வேனின் பின்பக்கம் போனாள். மழைத்தூறல் விழத் தொடங்கியிருந்த தகரத்தில் உள்ளங்கையை விரித்து இரண்டு முறை தட்டினாள்.

வேன் நகர்ந்தது. கோயில் வாசலைத் தாண்டி, வலது பக்க விளக்கு மின்ன மின்ன, பெரிய ரோட்டில் ஏறியது. கேதரின் நனைந்த கையைச் சேலையில் துடைக்காமல் அங்கேயே நின்றாள்.